கருகல் வாசமும் கார்க்காரர் மனசும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவரிடம் குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த வண்டி வாசம் வீசும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வாங்கிய முதல் வாரம் ஆசைதீர ஓட்டிவிட்டு வீட்டுக் கராஜில் நிறுத்தி இறங்கினால், சூடான எண்ணெயும் ரப்பரும் கருகிய மெழுகும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடிக்கும். உடனே மூடியைத் திறந்து பார்ப்பார்கள், குனிந்து அடியில் பார்ப்பார்கள். இரவு படுத்த பிறகும் எழுந்து போய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வருவார்கள். பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்கியவருக்கு அந்தப் பயம் சின்ன விஷயமே இல்லை. வெளியில் சொன்னால் 'இவ்வளவு பெரிய வண்டி வாங்கிட்டு இதுக்குப் போய் பயப்படறியா' என்று கேட்பார்களோ என்ற கூச்சம் வேறு.

நான் இருப்பது தெற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இருக்கைக்குப் பின்னாலேயே இன்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் சொல்லப் போவது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலரும் இங்கே உண்டு. வார இறுதியில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "நேத்து ஒரு வாசம் வந்துச்சு" என்ற இடத்துக்கு வந்து சேரும். அந்தப் பேச்சில் கற்றதையும் என் வண்டி கற்றுக்கொடுத்ததையும்தான் எழுதுகிறேன்.

வாசம் ஏன் வருகிறது என்பது புரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். பெட்ரோல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. மிச்சம் எல்லாம் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். சாதாரணக் குடும்பக் காரில் அந்த வெப்பம் பரவ இடம் கிடைக்கும். 300, 400 குதிரைத்திறன் உள்ள இன்ஜினைச் சின்ன இடத்தில் அடைத்து, காற்று சீராக வழுக்கிப் போவதற்காக வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டுகளால் மூடிவிட்டால் அந்தச் சூடு எங்கே போகும்? எக்ஸாஸ்டில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்டர் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கவே 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். விரட்டி ஓட்டும்போது அது 800 டிகிரியையும் தாண்டும். அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும், ரோட்டில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒட்டினாலும், டயரிலிருந்து தெறித்த ரப்பர் துணுக்கு விழுந்தாலும் உடனே வாசம்தான்.

இன்னொன்றும் உண்டு. வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் குளிரத் தொடங்குகிறது என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் நிறுத்தியவுடன் கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவத்தின் ஓட்டமும் எதிர்க்காற்றும் நின்றுவிடுவதால், உள்ளே தேங்கிய சூடு சுற்றியுள்ள பாகங்களுக்கு ஏறி, இன்ஜின் அறை சில நிமிடங்களுக்கு முன்பைவிடச் சூடாகும். பூட்டிவிட்டு நடந்த பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருப்பது அதனால்தான். ரோட்டில் தெரியாத வாசம் கராஜில் தெரிவதற்கும் அதுவே காரணம். இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. அவுட்டோபான் என்ற விரைவுச் சாலையில் வேகமாக வந்தால், வீட்டுக்கு முந்தைய கடைசிச் சில கிலோமீட்டரை உயர்ந்த கியரில் நிதானமாக ஓட்டி வருவேன். டர்போ உள்ள வண்டிக்கு இது இன்னும் அவசியம். வாசலில் நிறுத்தி இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஆற்றுவது இங்கே முடியாது, தேவையில்லாமல் இன்ஜினை ஓடவிடுவதைச் சாலை விதிகளே தடுக்கின்றன.

புத்தம்புதிதாக வண்டி எடுத்த மதுரைக்கார நண்பர் ஒருவர், டெலிவரி எடுத்த கொஞ்ச நாளில் போன் பண்ணினார். "அண்ணே, வண்டி எரியுற மாதிரி வாசம் வருதுண்ணே. ஷோரூம்ல கேட்டா சிரிக்கிறாங்க." அந்தச் சிரிப்புதான் அவரை வாசத்தைவிட அதிகமாகப் புண்படுத்தியிருந்தது. தெரியாமல் கேட்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலும் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து கப்பலிலும் லாரியிலும் போகும்போது துருப்பிடிக்காமல் இருக்க, சில கம்பெனிகள் வண்டியின் அடிப்பாகத்திலும் இன்ஜின் பாகங்களிலும் ஒரு மெழுகுப் பூச்சு அடிக்கின்றன. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது உருகிக் கருகும். தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது பட்ட எண்ணெய், எக்ஸாஸ்ட் மேல் பட்ட கைரேகைகள், புது பிரேக் பேடில் உள்ள பிசின் எல்லாமே அதோடு சேர்ந்து வாசம் கொடுக்கும். பெரும்பாலும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும்.

அவரிடம் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். வாசம் நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா? குறைந்துகொண்டே போனால் மெழுகு, கவலை வேண்டாம். அப்படியே நின்றாலோ கூடினாலோ எங்கோ கசிகிறது, கூப்பிட்டுக் காட்டத்தான் வேண்டும். அவருடையது குறைந்தது. அப்புறம் ஒருநாள், "இப்ப அந்த வாசமே வரலண்ணே, என்னமோ மாதிரி இருக்கு" என்று வருத்தமாகச் சொன்னார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

என் கதை கொஞ்சம் வேறு. சூடாக ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஒரு எண்ணெய்க் கருகல் வரும். பச்சை விழுந்து கிளம்பியதும் போய்விடும். முதலில் காட்டிய ஒர்க் ஷாப்பில், லிஃப்டில் ஏற்றக்கூட இல்லாமல், "இந்த மாதிரி வண்டி எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கக் கேட்கும் பதில் அது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை, அதனால்தான் அது ஆபத்தானது. கேட்கிறவர் அதன்பிறகு வாயை மூடிக்கொள்வார். உண்மையான கசிவு வந்தாலும் 'இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவார்.

இரண்டாவதாகப் போனது, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மெக்கானிக்கிடம். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டார். குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஓடும்போதா, நின்ற பிறகா? ஹீட்டர் போட்டிருந்தீர்களா, இல்லையா? பதில்களைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் எக்ஸாஸ்ட் மேலே எங்கிருந்தோ சொட்டுகிறது" என்றார். எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டச் சொன்னார். திரும்பப் போனதும் லிஃப்டில் தூக்கி, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தார். இன்ஜினின் ஒரு மூடியான வால்வ் கவர் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு. இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் காய்ந்து விறைத்துப்போய், அந்த வழியாக எண்ணெய் கசிந்து, கீழே எக்ஸாஸ்ட் மேல் சொட்டியிருக்கிறது. தரையில் ஒரு பொட்டுகூட இல்லை, ஏனென்றால் சொட்டியது எல்லாம் அங்கேயே எரிந்துவிட்டது. தரையில் கறை இல்லாததால் கசிவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த மூன்று கேள்விகளை நான் மறக்கவே இல்லை. இப்போது எந்த வாசம் வந்தாலும், வண்டியை ஓரம் கட்டியதும் போனில் குறித்துவிடுவேன். எப்போது வந்தது, எந்தப் பக்கம், அதற்குச் சற்றுமுன் என்ன செய்தேன், ஏசியை உள்காற்று மட்டும் சுற்றும்படி மாற்றியதும் குறைந்ததா. மாற்றியதும் குறைந்தால் வாசம் வெளியே இருந்து வருகிறது. குறையாமல் கூடினால் உள்ளேயே இருக்கிறது. இப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த மெக்கானிக்கும் அலட்சியமாகப் பதில் சொல்ல மாட்டார். நமக்கும் பதற்றம் பாதியாகக் குறைகிறது. பயத்தோடு மோப்பம் பிடிப்பதற்கும் கவனித்து மோந்து பார்ப்பதற்கும் மனசு படும் பாட்டில் அவ்வளவு வித்தியாசம்.

பிரேக் வாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஆசை, ஏனென்றால் அதில்தான் பெருமையும் ஆபத்தும் கலந்து கிடக்கின்றன. ஆல்ப்ஸ் மலையில், இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராட்டோ ஊர்ப் பக்கமாக இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். கோடைகாலத்தில் அந்த மலைச் சாலைகளில் போனால், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் மூக்கைக் குத்தும் ஒரு கசப்பான கருகல் நிற்கும். அது பிரேக் பேடில் உள்ள பிசின் சூட்டில் ஆவியாகும் வாசம். சிலர் அதை ஒரு வீரப் பதக்கமாக நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். பந்தய மைதானத்தில் அப்படி ஓட்டித்தான் ஆக வேண்டும், சரி. மலை இறக்கத்தில் அந்த வாசம் வந்தால், பிரேக்கையே நம்பி இறங்குகிறோம் என்று பொருள். கீழ் கியரில் போட்டு இன்ஜினை இழுத்துப்பிடிக்க விட வேண்டும். பெடலைத் தொடர்ந்து லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதைவிட, வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து முழுமையாக விடுவது நல்லது.

டிஸ்க்கும் பேடும் சூடாவது வெளியே தெரியும். பிரேக் ஆயில் சூடாவது தெரியாது. டாட் 4 தரத்தில் உள்ள பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். ஈரம் ஏறிய நிலையில் அதே தரத்துக்குக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி வரும், பெடல் தரைவரை போகும். மலைக்குப் போகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

சூடான பிரேக்கோடு நிறுத்தினால் பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிரும். சமதளமாக இருந்தால் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்துவது நல்லது. இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக வாசம் வீசினால் அந்தச் சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கிறது. இறக்கமே இல்லாத சாலையில் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வந்தால் அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கிளட்ச் வாசம் வேறு மாதிரி, ஈரக் காகிதம் எரிந்தது போல இருக்கும். அடுக்குமாடி நிலத்தடி பார்க்கிங்கின் சரிவில் ரிவர்ஸ் எடுக்கும்போது நிறையப் பேருக்கு வரும். முதல் கியரிலும் ரிவர்ஸ் கியரிலும் மிக மெதுவாகப் போக முடியாத வண்டிகளில் கிளட்சைப் பாதி விட்டு ஊர்ந்தாக வேண்டியிருக்கிறது. எப்போதாவது ஒருமுறை வந்தால் ஆறவிட்டால் போதும். உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி இனிப்பு வாசம். காலையில் வண்டியைத் திறந்தால் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு மணம் வந்தால் அது கூலன்ட். அதில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். கசிந்து தேங்கியதை நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகக்கூடும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஹீட்டர் போட்டதும் இனிப்பு வாசம் வந்து, முன்கண்ணாடியின் உட்பக்கம் பிசுபிசுப்பாகப் படலம் படிந்தால் ஹீட்டரின் உள்ளே கசிகிறது. இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள வண்டிகளில் கூலன்ட் குழாய்கள் வண்டியின் நீளம் முழுக்கப் போகின்றன. அதனால் வாசம் எந்த மூலையிலும் கிளம்பலாம். அப்படிப்பட்ட வண்டிகளில் முன்பம்பரின் காற்றுத் துவாரங்களில் இலைச்சருகு சேர்ந்து, மழையில் நனைந்து அழுகி, ரேடியேட்டரையே அரித்துவிடும். இலையுதிர்காலம் முடிந்ததும் அதை எடுத்துவிடுவது பெரிய செலவைத் தவிர்க்கும்.

ஜெர்மனியில் கூலன்ட் கசிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்டர் என்று இங்கே அழைக்கப்படும், கீரி போன்ற ஒரு விலங்கு இரவில் சூடான இன்ஜினுக்குள் புகுந்து ரப்பர் குழாய்களையும் ஒயர்களையும் கடித்துவைக்கும். இது இந்த நாட்டில் எவ்வளவு சகஜம் என்றால், கார் இன்சூரன்ஸிலேயே மார்டர் கடிக்குத் தனியாக விதி வைத்திருக்கிறார்கள். என் கூலன்ட் குழாயில் அது பல் வைத்ததை நான் முதலில் அறிந்தது அந்த இனிப்பு வாசத்தால்தான். டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. மூக்கு சொன்னதை நம்பி வண்டியை எடுக்காமல் ஆள் வரவழைத்தேன், குழாயோடு செலவு முடிந்தது. அப்படியே அவுட்டோபானில் ஏறியிருந்தால் இன்ஜின் போயிருக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், சூடான இன்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

முட்டை அழுகிய வாசத்துக்கு இரண்டு காரணங்கள். இன்ஜின் ஓடும்போது எக்ஸாஸ்டிலிருந்து வந்தால், பெட்ரோல் தேவைக்கு அதிகமாகப் போய், அதில் உள்ள கந்தகம் கன்வர்டரில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. ஐரோப்பாவில் 2009 முதலும் இந்தியாவில் பிஎஸ் 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த 2020 முதலும் பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டதால் இது முன்பைப் போல அடிக்கடி வருவதில்லை. வந்தால் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடாமலே அந்த வாசம் வந்தால் பேட்டரியைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க சார்ஜரில் போட்டு வைக்கும் வண்டிகளில், பழைய ஈய அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் இதே வாயு வரும். அதோடு எரியக்கூடிய ஹைட்ரஜனும் வரும். சார்ஜரைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணைத்து, கராஜ் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கந்தகம் மாதிரியே ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் அது கியர் ஆயில், அதில் சேர்க்கும் கந்தகக் கலவையின் வாசம் துணியில் பட்டால் லேசில் போகாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க இடம் உண்டு. இனிச் சொல்லும் இரண்டில் பொறுமையே கூடாது. ஒன்று பச்சைப் பெட்ரோல். குளிரில் முதல் நிமிடம் எக்ஸாஸ்டில் பெட்ரோல் வாசம் வருவது இயல்பு, கன்வர்டர் சூடாகும்வரை இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் போகும். டேங்க் நிரப்பும்போது பம்ப் தானாக நின்ற பிறகும் வற்புறுத்தி ஊற்றினால், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் திரவமே போய்ச் சில நாள் வாசம் வீசும், அதை நாமே தவிர்க்கலாம். இவை தவிர, நின்றிருக்கும் வண்டியில் பெட்ரோல் வாசம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். கராஜ் கதவைத் திறந்து, லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல், ஆள் வரவழையுங்கள். ரப்பர் குழாய்கள் பழசாகிவிட்ட வண்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறவர்கள், குழாய்களை வாசம் வருவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது, உள்ளே வரும் எக்ஸாஸ்ட் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. ஆனால் புகை வாசம் உள்ளே வருகிறது என்றால் அதோடு அதுவும் வருகிறது. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பழைய காற்றுக் குளிர்விப்பு போர்ஷே 911 போன்ற வண்டிகளில் எக்ஸாஸ்டைச் சுற்றி வரும் காற்றைத்தான் ஹீட்டராக உள்ளே அனுப்புவார்கள், அந்த உறையில் ஓட்டை விழுந்தால் புகை நேராக மூக்குக்கு வரும். கூரையைத் திறந்து ஓட்டும் வண்டிகளில் பின்பக்கக் காற்று சுழன்று புகையை உள்ளே இழுப்பதும் உண்டு. சத்தத்துக்காகக் கன்வர்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் நண்பர்களிடம் நான் வெளிப்படையாகவே சண்டை போட்டிருக்கிறேன். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபக்கம், பக்கத்தில் உட்காரும் மனைவி மக்கள் சுவாசிக்கும் காற்று அது.

கருகல் வாசத்தைக் கம்பெனிகளே லேசாக எடுத்துக்கொள்வதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2010ல் ஃபெராரி 458 இத்தாலியா வண்டிகள் சில தீப்பற்றின. பின்சக்கர வளைவில் வெப்பத்தடுப்பை ஒட்டப் பயன்படுத்திய பசை, கடும் சூட்டில் எரியக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். 1,248 வண்டிகளைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் ஆணி போன்ற இணைப்புகளைப் போட்டுக் கொடுத்தார்கள். 2014 தொடக்கத்தில் போர்ஷே 911 ஜிடி3 வண்டிகளில் இரண்டு தீப்பிடித்ததும், அந்த ஆண்டு மாடலின் 785 வண்டிகளையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் இன்ஜினையே மாற்றினார்கள். வாங்கும் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்து, பாக்கி நிற்கும் ரீகால் ஏதும் உண்டா என்று கம்பெனியில் கேட்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாதவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

மூக்கின் அருமை எனக்கு முழுமையாகப் புரிந்தது கொரோனா வந்தபோது. காய்ச்சல் போய்விட்டது, வாசம் மட்டும் திரும்பவில்லை. காபி வெந்நீராக இருந்தது, அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வண்டியை எடுத்த அன்றுதான் நிலைகுலைந்தேன். சத்தம் அதேதான், ஸ்டியரிங் அதேதான், ஆனாலும் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வேறு யாருடைய வண்டியையோ ஓட்டுவது போல இருந்தது. சூடேறிவிட்டதா, பிரேக் களைத்துவிட்டதா, கிளட்சை அதிகம் வதைத்தேனா என்று எதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் இத்தனை நாளும் மூக்கால்தான் அறிந்துகொண்டிருந்தேன் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் என் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்டினேன். "என்னங்க, ரப்பர் மாதிரி ஏதோ வருது" என்று அவள் சொல்வாள், நான் நிறுத்திப் பார்ப்பேன்.

அதில் ஒரு பாடமும் கிடைத்தது. நல்ல மூக்குகூட ஒரே வாசத்தில் சில நிமிடம் இருந்தால் பழகிவிடும், பிறகு அதை உணராது. ஓட்டிக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியாதது புதிதாகக் கதவைத் திறந்து ஏறுகிறவருக்குச் சட்டென்று தெரியும். வீட்டில் இருப்பவர்கள் 'உங்க வண்டி நாறுது' என்று சொன்னால் நம்மில் பலருக்குக் கோபம் வரும், ஆசையாய் வாங்கியதைக் குறை சொல்கிறார்களே என்று. கோபப்படாமல், எங்கே, எப்படி என்று கேளுங்கள். என் வண்டியில் வந்த நல்ல எச்சரிக்கைகளில் பாதி அவள் சொன்னவை. அதே நேரம், அவளுக்கும் சங்கடம் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவையில் போகும்போது புடவை முழுக்க எண்ணெய் வாசம் ஏறினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஏசி ஃபில்டரைக் கரி கலந்த வகைக்கு மாற்றினேன், டிக்கி மூடியின் ரப்பர் ஓரத்தைப் புதிதாகப் போட்டேன், பெரும்பகுதி குறைந்தது. வாசனைத் திரவியம் தொங்கவிடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. கசிவு வந்தால் அது மறைத்துவிடும்.

இத்தனை சொன்ன பிறகும், இந்த வாசங்களை நான் நேசிக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய பந்தயக் கார்கள் கூடும் விழாக்களுக்குப் போனால், வண்டிகளைத் தயார்படுத்தும் பிட் பக்கம் நடக்கும்போதே ஒரு தனி மணம் வரும். விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பந்தய எண்ணெய் எரியும் மணம் அது. கடும் சூட்டிலும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தன்மையால் முதல் உலகப்போர்க் காலத்து விமானங்களிலேயே விளக்கெண்ணெய் ஊற்றினார்கள், பிறகு பந்தயக் கார்களுக்கும் பைக்குகளுக்கும் வந்தது. நாள்பட்டால் பிசினாக இறுகிவிடும், சாதாரண எண்ணெயோடு சரியாகக் கலக்காது, அதனால் தினசரி வண்டிக்கு ஆகாது. சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய், இங்கே வெள்ளைத் தலைமுடிக் கிழவர்கள் கண்களை மூடி இழுத்து ரசிக்கும் மணமாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர்களில் ஒருவர், அந்த மணம் வந்தால் தன் அப்பாவின் கராஜ் நினைவு வரும் என்றார். வாசம் நேராக நினைவைத் தொடும் என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு. நீங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் கதவைத் திறந்து, வேறு எதையும் பார்க்கும் முன் உள்ளே தலையை விட்டு மோந்து பாருங்கள். முதல் இரண்டு மூச்சில் தெரிவதுதான் உண்மை, அப்புறம் மூக்கு பழகிவிடும். பூஞ்சை வாடை இருந்தால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறார் என்று கேளுங்கள். எண்ணெய் அளவுக் குச்சி இருந்தால் உருவி மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தால் எப்போதும் குறுந்தூரப் பயணமே போன வண்டி அல்லது பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரில் கசிவு. ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். சிலிண்டர்கள் படுத்தவாக்கில் இருக்கும் பாக்ஸர் வகை இன்ஜினில் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் ஒரு கொத்து நீலப்புகை வருவது சகஜம், நிற்காமல் வந்தால் சகஜமில்லை. அரைமணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு, கண்ணாடிகளை இறக்கி நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து, நான்கு சக்கரத்தின் பக்கமும் பின்மூடியின் பக்கமும் குனிந்து பத்து நிமிடம் நில்லுங்கள். தேங்கிய சூடு மேலே ஏறி, கசிவு இருந்தால் வாசமாக வெளிவருவது அந்த நேரத்தில்தான். அந்தப் பத்து நிமிடத்தைத் தர மறுத்து அவசரப்படுத்துகிறவரிடம் நான் விலையே பேசுவதில்லை.